ஏழைகளுக்கெண்டு ஒரு பொய்ப் பெயர்

எங்கட போர்டிங் அறைக்கு போன தவணை ஒரு பிஸ்கட் ரின் வந்தது. எங்களில் ஒருத்தியின் பெரியப்பா முன்னொரு காலத்தில் கப்பலில் வேலை செய்தவர். அவர் போன இடமெல்லாம் மிஞ்சிய சில்லறைக் குத்திகளை அந்த ரின்னுக்குள் போட்டு வைத்திருந்தார். வீட்டில் இடம் அடைக்குது எண்டு அவவின் அம்மா அதை எங்களிடம் தள்ளிவிட்டார். ஒரு மழைநாள் பின்னேரம், மின்சாரமும் இல்லை, படிக்கவும் மனமில்லை. ரின்னைக் கவிழ்த்துக் கொட்டி, போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தோம்.

அதுக்குள் ஒரு அமெரிக்க ஒரு சதம் இருந்தது. ஒரு பக்கம் லிங்கனின் முகம், மறுபக்கம் இரண்டு கோதுமைக் கதிர். ஆண்டு 1955. கடைசி 5இன் ஓரத்தில், நிழல் விழுந்த மாதிரி, இன்னொரு 5 மெல்லிசாய்த் தெரிந்தது.

அடுத்த பத்து நிமிசத்தில் நாங்கள் பணக்காரர் ஆகிவிட்டோம். “1955 சதம் இரட்டை” எண்டு தேடினால் வருகிற காணொளிகள் எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்கின்றன: உங்கள் வீட்டு உண்டியலில் இந்தக் காசு இருந்தால் ஆயிரம் டொலருக்கு மேல். அந்த விலை பொய்யில்லை. உண்மையான 1955 இரட்டை அச்சுச் சதம், புழங்கித் தேய்ந்த நிலையில்கூட ஆயிரம் டொலரைத் தாண்டி விலைபோகிறது. நாங்கள் அதை ரூபாயில் பெருக்கினோம். போர்டிங் காசு, பழுதாய்ப்போன லப்டொப், ஒருத்தியின் தம்பியின் வகுப்புக் காசு எண்டு மனசுக்குள்ளேயே பங்கும் பிரித்தோம்.

படத்தை ஒரு குழுவில் போட்டோம். ஒருவர் இன்பொக்ஸுக்கு வந்தார். மிக மரியாதையாகப் பேசினார். “தங்கச்சி, இது அசல் டபிள் டை. வெளிநாட்டில வாங்க ஆள் இருக்கு. சான்றிதழ் எடுக்கிற செலவை மட்டும் முதல் போட்டு விடுங்கோ” எண்டார். அவர் கேட்ட தொகை எங்களில் இரண்டு பேரின் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு. சேர்த்து அனுப்பலாம் எண்டு நாங்கள் முடிவுகூட எடுத்துவிட்டோம். வங்கிச் செயலி அண்டைக்கு வேலை செய்யாததால்தான் தப்பினோம். எங்கட புத்திசாலித்தனம் இதில் எங்கேயும் இல்லை. அதை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

அடுத்த நாள் சந்தியில் மணிக்கூடு திருத்துகிற ஐயாவிடம் போய், அவர் கண்ணில் பொருத்துகிற லென்ஸை ஐந்து நிமிசம் கேட்டு வாங்கினோம். “பிள்ளையள், விழுத்திப் போடாதேங்கோ” எண்டு சொல்லித்தான் தந்தார். அந்த லென்ஸுக்குள் எங்கட 5 இரட்டையாக இருக்கவில்லை. அது வீங்கியிருந்தது. ஓரங்கள் உருகி வழிந்த மெழுகு மாதிரி இருந்தன. பிறகு தேடிப் படித்தபோதுதான் இந்தக் காசுக்கே ஒரு தனிப் பெயர் இருக்கிறது எண்டு தெரிந்தது. ஆங்கிலத்தில் இதை “ஏழை மனிதனின் டபிள் டை” எண்டு விற்கிறார்கள். ஓரிரு டொலர் பெறும். உண்மையில் அது டபிள் டையே இல்லை. வேலை செய்து செய்து தேய்ந்துபோன ஒரு அச்சு, அவ்வளவுதான்.

நாங்கள் இங்கே வாதிட வருவது இரண்டு விசயம். ஒன்று, இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது ஒரு சிறப்பு வித்தை இல்லை. ஒரு லென்ஸும் அரை மணித்தியாலப் பொறுமையும் இருந்தால் எங்களைப் போன்ற கலைப்பீடத்து ஆக்களுக்கும் விளங்கும். இரண்டாவது, அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டே மழுப்புகிற பெயர்கள் பாவமற்றவை இல்லை. அவை யாருடைய சட்டைப்பையைக் குறிவைக்கின்றன எண்டு அந்தப் பெயரே சொல்கிறது.

முதலில் ஒரு காசு எப்படிப் பிறக்கிறது எண்டு பார்ப்போம். காசை அடிக்கிற உருக்கு அச்சில் உருவம் உள்வாங்கிப் பள்ளமாக, இடம்வலம் மாறி இருக்கும். அந்தப் பள்ளத்தை அச்சில் உண்டாக்குவது இன்னொரு உருக்குத் துண்டு. அதற்குப் பெயர் ஹப். ஹப்பில் உருவம் காசில் இருப்பது போலவே மேடாக இருக்கும். ஹப்பை மென்மையான உருக்கில் பெரும் அழுத்தத்தோடு அமுக்கினால் அச்சு கிடைக்கும். அச்சை வெறும் உலோக வில்லையில் அடித்தால் காசு கிடைக்கும். ஒரு ஹப்பில் இருந்து பல அச்சு, ஒரு அச்சில் இருந்து பல இலட்சம் காசு. இது ஒரு வம்சாவளி மாதிரி.

இந்த வம்சாவளியில் பழைய காலத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ஹப்பை ஒருமுறை அமுக்கினால் உருவம் முழு ஆழத்துக்குப் பதியாது. அமுக்க அமுக்க உருக்கும் இறுகிவிடும். அதனால் அச்சை வெளியே எடுத்து, உலையில் சூடாக்கி இளக்கி, திரும்பவும் ஹப்புக்குக் கீழே வைத்து அமுக்குவார்கள். இரண்டாவது தடவை வைக்கும்போது முதல் பதிவின் மேலேயே மிகச் சரியாகப் பொருந்த வேண்டும். மயிரிழை திரும்பியிருந்தாலும் அச்சில் இரண்டு உருவம் விழுந்துவிடும். அதுதான் உண்மையான டபிள் டை. பிழை அச்சுக்குள் இருக்கிறது. அச்சு முதல் காசை அடிக்க முன்னமே பிழை வந்துவிட்டது. எனவே அந்த அச்சு அடிக்கிற முதல் காசிலும் கடைசிக் காசிலும் ஒரே இரட்டிப்பு, ஒரே இடத்தில், ஒரே திசையில் இருக்கும்.

1955இல் பிலடெல்பியா நாணயசாலையில் நடந்தது இதுதான். முகப்பக்க அச்சு ஒன்றில் இரண்டாவது பதிவு சற்றுச் சுழன்று விழுந்தது. அந்த அச்சால் ஏறக்குறைய 40,000 காசு அடிக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்வார்கள். பிழை தெரியவந்த நேரத்தில் அதில் 20,000க்கு மேல் மற்ற நல்ல காசுகளோடு கலந்துவிட்டது. பிரித்தெடுக்க முடியாது, எல்லாவற்றையும் உருக்கவும் மனமில்லை. அப்படியே வெளியே விட்டார்கள். கனக்கக் காசுகள் சிகரெட் பெட்டிகளில் இருந்துதான் கண்டெடுக்கப்பட்டன. ஒரு பெட்டி 23 சதம், இயந்திரத்தில் போடுவது 25 சதக் குத்தி. மிச்சம் 2 சதத்தைப் பெட்டியின் கண்ணாடித்தாள் உறைக்குள்ளேயே செருகி விற்பார்களாம். புகைக்கப் பெட்டியை உடைத்தவரின் கையில் இரட்டை ஆண்டு போட்ட சதம் விழுந்தது.

அந்தக் காசைப் பார்க்க லென்ஸே தேவையில்லை. 1955 என்ற நான்கு எண்ணும், மேலே இருக்கிற வாசகமும், பக்கத்தில் இருக்கிற ‘லிபர்ட்டி’ எண்ட சொல்லும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும். ஆனால் லிங்கனின் முகத்தில் அவ்வளவாகத் தெரியாது. ஏன் எண்டு யோசித்துப் பாருங்கோ. ஒரு தட்டைச் சற்றுச் சுழற்றினால் நடுப்பகுதி அதிகம் நகராது. விளிம்புதான் தூரம் போகும். பிழை எப்படி நடந்ததோ அதற்கேற்ற வடிவத்தில்தான் அதன் அடையாளமும் இருக்கும். இந்த ஒரு விசயம் விளங்கினால் மிச்சம் எல்லாம் விளங்கும்.

இப்போது தேய்ந்த அச்சுக்கு வருவோம். ஒவ்வொரு அடியிலும் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. அந்த வழிவு உருக்கை அரிக்கிறது. ஒரு அடியில் ஒன்றும் தெரியாது. இலட்சக்கணக்கான அடிக்குப் பிறகு தெரியும். அச்சில் எழுத்தின் பள்ளம் வெட்டிய கூரான ஓரங்கள் முதலில் மழுங்கும். பிறகு அகலும். அகன்ற ஓரத்துக்குள் காசின் உலோகம் புகுந்து, எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு மங்கலான நிழலாக நிற்கும். எங்கட 5இல் நாங்கள் பார்த்த “இரண்டாவது 5” அந்த நிழல்தான்.

பிலடெல்பியாவில் மட்டும் அந்த ஆண்டு 33 கோடிக்கு மேல் சதம் அடித்தார்கள். அதற்கு எத்தனை அச்சு தேய்ந்திருக்கும் எண்டு நீங்களே கணக்குப் பாருங்கோ. உண்மையான பிழை ஒரு அச்சின் கதை. தேய்வு எல்லா அச்சின் கதை. அதனால்தான் ஒன்று அரிது, மற்றது மலிவு.

எங்களுக்கு இது விளங்கினது ஒரு போட்டோ கொப்பிக் கடையில். வளாகத்துக்கு முன்னால் இருக்கிற எந்தக் கடையில் எண்டாலும் ஒரு பழைய டியூட் வாங்கிப் பாருங்கோ. ஆசிரியர் தட்டெழுதும்போது ‘மரபு’ எண்டதை ‘மரவு’ எண்டு அடித்திருந்தால், அந்த டியூட்டின் எல்லாக் கொப்பியிலும் ‘மரவு’தான் இருக்கும், சீனியர் அக்காவின் கொப்பியிலும் அதே, எங்கட கொப்பியிலும் அதே. ஆனால் கொப்பியிலிருந்து கொப்பி, அதிலிருந்து இன்னொரு கொப்பி எடுத்து எழுத்துத் தடித்து, புள்ளி சுழிக்குள் ஒட்டி, ‘ள’வும் ‘ன’வும் ஒன்றாகத் தெரிகிறதே, அது வேற. அது ஒவ்வொரு கொப்பியிலும் ஒவ்வொரு அளவில் இருக்கும். முதலாவது மூலத்தில் இருந்த பிழை. இரண்டாவது பாவனையில் வந்த தேய்வு. இரண்டையும் பார்த்து “ரெண்டிலும் எழுத்துப் பிழைச்சிருக்கு” எண்டு ஒரே பெயர் வைக்கிறவரை நீங்கள் என்ன சொல்வீர்கள்?

எங்கட துறையில் இது புதுசும் இல்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர். அவரைப் போன்ற பதிப்பாசிரியர் ஒவ்வொருவரின் முன்னாலும் இருந்த கேள்வி இதுதான்: ஏட்டில் இந்த எழுத்து இப்படி இருப்பது எழுதினவர் அப்படி எழுதினதாலா, அல்லது செல்லரித்து ஓலை முறிந்ததாலா? எழுதினவரின் பிழை எண்டால் அந்த ஏட்டைப் பார்த்து எழுதின மற்ற ஏடுகளிலும் அது வரும். ஓலை அரித்தது எண்டால் அந்த ஓலையோடு நின்றுவிடும். பாடபேதம் வேறு, சிதைவு வேறு. அதைக் குழப்பினால் பூச்சி அரித்த ஓட்டையைப் புலவரின் சொல்லாக அச்சடிக்க வேண்டி வரும்.

சரி, கையில் ஒரு காசு இருக்கிறது. எப்படிப் பார்ப்பது? நாங்கள் பிழைவிட்டுப் படித்த ஒழுங்கிலேயே சொல்கிறோம்.

முதலில் ஓரத்தைப் பாருங்கோ. உண்மையான டபிள் டையில் இரண்டு உருவமும் தனித்தனியாக, கூராக, உருண்ட மேற்பரப்போடு நிற்கும். எழுத்தின் மூலைகளில் ஒரு சின்ன வெட்டு, பிளவு தெரியும். ஒரு எழுத்தின் காலுக்குப் பக்கத்தில் இன்னொரு கால் முளைத்த மாதிரி. தேய்ந்த அச்சில் அந்தப் பிளவு இருக்காது. நிழல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது எண்டு கோடு கீற முடியாது.

இரண்டாவது, எழுத்தை விட்டுவிட்டு வெற்றிடத்தைப் பாருங்கோ. நாங்கள் எல்லாரும் எழுத்தையே பார்க்கிறோம். சாட்சி பக்கத்தில் இருக்கிறது. தேய்ந்த அச்சால் அடித்த காசின் வெளிப்பரப்பு வழுவழுப்பாக இருக்காது. நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடுகிற மெல்லிய கீற்றுகள் இருக்கும், அல்லது தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். காசைச் சாய்த்துப் பக்க வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அந்தக் கீற்று இருந்தால் அச்சு கிழடாகிவிட்டது எண்டு அர்த்தம். பிறகு நிழலைப் பார்த்து ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, பிழைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறதா எண்டு பாருங்கோ. ஹப் சுழன்றிருந்தால் விளிம்பைச் சுற்றி இருக்கிற எல்லா எழுத்தும் ஒரே சுழற்சியில் நகர்ந்திருக்க வேண்டும். எங்கட காசில் கடைசி 5 மட்டும் வீங்கியிருந்தது. 1ம் 9ம் தங்கட பாட்டில் இருந்தன. ஒரு இலக்கம் மட்டும் தனியே சுழல முடியுமா? இந்தக் கேள்வியை அந்தப் பின்னேரமே கேட்டிருந்தால் நாங்கள் பங்கு பிரித்திருக்கமாட்டோம்.

நான்காவது, அதே ஆண்டின் இன்னொரு காசோடு ஒப்பிடுங்கோ. ஒரே அச்சின் காசுகள் இரண்டு கிடைத்தால் மிக நல்லது. உண்மையான இரட்டிப்பு இரண்டிலும் அச்சொட்டாக ஒன்றாக இருக்கும். தேய்வு, அச்சின் இளவயதுக் காசில் குறைவாகவும் முதுவயதுக் காசில் கூடவும் இருக்கும்.

இதற்கிடையில் மூன்றாவது ஒரு போலியும் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் திரும்பவும் ஏமாறுவீர்கள். அச்சு இயந்திரத்தில் இறுக்கமாக நிற்காமல் ஆடினால், காசை அடித்த கையோடு அது பக்கவாட்டில் உரசி, எழுத்தின் ஒரு ஓரத்தைத் தட்டையாக்கிவிடும். படிக்கட்டு மாதிரி ஒரு பளபளப்பான தட்டு தெரியும். இதை மெஷின் டபிளிங் எண்டு சொல்வார்கள். இதிலும் அச்சில் பிழையில்லை. வேறுபாடு என்னவெண்டால், டபிள் டையில் எழுத்து மொத்தத்தில் அகலும்; மெஷின் டபிளிங்கில் எழுத்தின் சொந்த அகலத்தில் இருந்தே ஒரு துண்டு தட்டையாகிப் போகும். ஒன்றில் கூடுது, மற்றதில் குறையுது.

இதைப் பிடிக்க ஒரு அழகான வழி இருக்கிறது. 1980களின் இறுதி வரை, புழக்கத்துக்கான அமெரிக்கச் சதங்களில் எந்த ஊரில் அடித்தது எண்டு காட்டுகிற ‘எஸ்’, ‘டி’ போன்ற எழுத்து ஹப்பில் இருக்கவில்லை. அச்சு தயாரான பிறகு அதைத் தனியாகக் கையால் தட்டிப் பதிப்பார்கள். அதனால் ஹப்பில் நடந்த இரட்டிப்பு அந்த எழுத்தில் வர நியாயமில்லை. ஆண்டும் அந்த எழுத்தும் ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால், அநேகமாக அது இயந்திரம் ஆடின ஆட்டம். அந்த எழுத்தைத் தட்டினவர் இரண்டு முறை தட்டியிருந்தால் அதுமட்டும் இரட்டையாகும். அது வேறொரு கதை.

1969இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த சதத்தில் இந்தச் சோதனைதான் ஆளைக் காப்பாற்றும். அதில் உண்மையான டபிள் டை மிக மிக அரிது. 2008இல் ஒரு ஏலத்தில் ஒன்று 126,500 டொலருக்குப் போனது. அதன் ஆண்டும் வாசகமும் இரட்டை, ‘எஸ்’ ஒற்றை. ஆனால் அதே ஆண்டின் மெஷின் டபிளிங் காசுகள் மலிந்து கிடக்கின்றன. அவற்றில் ‘எஸ்’ஸும் சேர்ந்து இரட்டை. இன்னொரு வேடிக்கை, அந்தக் காலத்தில் கள்ளமாகச் செய்த 1969 இரட்டைச் சதங்களும் புழங்கியதால், அமெரிக்க அதிகாரிகள் சில அசல் காசுகளையே கள்ளக்காசு எண்டு பறிமுதல் செய்தார்கள். ஆக, அவசரப்பட்டுப் பெயர் வைத்து ஏமாந்தது நாங்கள் மட்டும் இல்லை.

இன்னும் ஒன்று. “உண்மையான டபிள் டை” எண்ட உடனே கோடி வருமெண்டும் நினைக்காதேங்கோ. லென்ஸில் மட்டும் தெரிகிற சின்னச் சின்ன உண்மையான இரட்டிப்புகள் எத்தனையோ உண்டு. 1995 சதத்தின் பிரபலமான டபிள் டை கனபேரிடம் இருக்கிறது; சில பத்து டொலருக்கு வாங்கலாம். 1990களின் பிற்பகுதியில் ஒரே அழுத்தத்தில் அச்சுப் பதிக்கும் முறை வந்தது. அதற்குப் பிறகும் இரட்டிப்பு நிற்கவில்லை, ஆனால் அது பெரும்பாலும் காசின் நடுப்பகுதியில், மிகச் சின்னதாக வரும். உண்மை எண்டது வேற, விலை எண்டது வேற. காணொளிகள் இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தருகின்றன.

இந்த இடத்தில் எங்களுக்கு வந்த மறுப்புகளையும் சொல்ல வேண்டும். எங்கட நண்பன் ஒருவன் கேட்டான்: “ஓரிரு டொலருக்கு விற்கிற காசுக்கு ஏன் இவ்வளவு சண்டை? வாங்கினவன் சந்தோசம், வித்தவன் சந்தோசம். அசல் வாங்க வசதியில்லாதவனுக்கு அது ஒரு ஆறுதல்தானே?”

நாங்கள் இதை இலேசாகத் தள்ளவில்லை. தேய்ந்த அச்சின் காசைச் சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு எண்டுதான் நாங்களும் நினைக்கிறோம். ஒரே ஆண்டின் காசுகளை வரிசையாக அடுக்கினால், கூரான எழுத்திலிருந்து வீங்கின எழுத்து வரைக்கும் அச்சின் ஆயுளையே பார்க்கலாம். எங்கட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் குத்திகளிலும் இதைச் செய்யலாம். எந்த நாட்டு அச்சும் தேயத்தான் செய்யும். செலவும் இல்லை. ஆனால் அதை அதன் பெயரில் சேர்க்க வேண்டும். “தேய்ந்த அச்சு” எண்டு எழுதி ஒரு உறைக்குள் போட்டால் அதில் ஒரு குறையும் இல்லை. “ஏழையின் டபிள் டை” எண்டு எழுதினால் அது ஒரு பொருளை இன்னொரு பொருளின் பெயரில் விற்பது. கத்தரிக்காயை “ஏழையின் இறைச்சி” எண்டு விற்றால் கத்தரிக்காய்க்கும் மரியாதையில்லை, வாங்கினவருக்கும் மரியாதையில்லை.

பெயர் சின்ன விசயமும் இல்லை. எங்களிடம் காசு கேட்ட அந்த ஆள் ஒரு புதுப் பொய்யும் சொல்லவில்லை. ஏற்கனவே சந்தையில் கிடந்த பெயரில் ‘ஏழையின்’ எண்ட சொல்லை மட்டும் எடுத்துவிட்டார். மிச்சம் “1955 டபிள் டை”. ஓரிரு டொலர்ப் பொருளுக்கும் ஆயிரம் டொலர்ப் பொருளுக்கும் நடுவில் ஒரு சொல்தான் நின்றது. செல்லமாக வைத்த பெயர் எப்படி ஒருவரின் சாப்பாட்டுக் காசில் கைவைக்கும் எண்டதற்கு இதைவிட என்ன உதாரணம் வேணும்?

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கசப்பானது. “ஏமாந்தது உங்கட பேராசை. அதுக்குக் காசில ஏன் பிழை சொல்லுறியள்?” உண்மைதான், ஆசை எங்களுடையது. ஆனால் 2022இன் நெருக்கடிக்குப் பிறகு இந்த நாட்டில் படிக்கிற பிள்ளையள் எப்படிச் செலவைச் சமாளிக்கிறார்கள் எண்டு தெரிந்தவர்கள் அந்த ஆசையைப் பேராசை எண்டு சொல்ல யோசிப்பார்கள். போர்டிங் காசு கட்ட வேணும் எண்டு நினைப்பது பேராசை இல்லை. எங்களிடம் இல்லாமல் போனது பொறுமை. சொத்து வந்துவிட்டது எண்டு நம்பின பிறகு, அது இல்லை எண்டு காட்டுகிற அடையாளங்களைக் கண் பார்க்க மறுத்தது. 5ஐ மட்டும் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தோம். பக்கத்தில் இருந்த 9ஐ ஒருதரும் பார்க்கவில்லை.

கலைப்பீடத்தில் எங்களுக்கு ஒவ்வொரு தவணையும் சொல்லித்தருவது இதைத்தான்: ஒரு சான்றைக் கண்டால் அது எப்போது, எப்படி உருவானது எண்டு முதலில் கேள். கல்வெட்டுக்கு, ஏட்டுக்கு, பத்திரிகைச் செய்திக்கு எல்லாம் நாங்கள் அந்தக் கேள்வியைப் பரீட்சைத் தாளில் எழுதிவிடுவோம். கையில் காசு விழுந்த பின்னேரம் அது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். காசை விற்க முன்னம் லென்ஸில் பாருங்கோ. உங்கட ஊரிலும் ஒரு மணிக்கூட்டுக் கடை இருக்கும். வாங்குகிறோம் எண்டு சொல்லிக்கொண்டு முதலில் உங்களிடமே காசு கேட்கிறவருக்கு ஒரு சதமும் அனுப்பாதேங்கோ. உண்மையில் வாங்குகிறவர் காசு தருவார், கேட்கமாட்டார். மூன்றாவது, நீங்கள் விற்பவராக இருந்தால், தேய்ந்ததைத் தேய்ந்தது எண்டு எழுதுங்கோ. விலை குறையும். பரவாயில்லை, அது அதனுடைய விலை.

எங்கட சதத்தை நாங்கள் விற்கவில்லை. சின்னக் கடதாசி உறையில் போட்டு, மேலே “1955, பிலடெல்பியா, தேய்ந்த அச்சு” எண்டு எழுதி, திரும்ப அந்த பிஸ்கட் ரின்னுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். முதல் வருடப் பிள்ளையள் அறைக்கு வந்தால் எடுத்துக் காட்டுகிறோம். எல்லாரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: “ஐயோ அக்கா, இது ரெட்டை!” அப்போது நாங்கள் லென்ஸைக் கையில் கொடுத்து, 9ஐப் பார்க்கச் சொல்கிறோம்.